ஆறாவது வாரத்தில் விடுபடும் பரிசோதனை

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம் 2014-ல் வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. 2018-ல் அது திருத்தி அமைக்கப்பட்டது. இந்த விஷயத்தில் தில்லியைக் குறை கூற முடியாது. திட்டம் நல்ல திட்டம்தான். வெறும் வயிற்றுடன் வர வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து நடந்தும், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்தும் வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட முறை இது. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சர்க்கரை அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளப்படும். முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவரது குழுவினரும் நெடுங்காலம் வலியுறுத்திவந்ததே நாடு முழுமைக்குமான நெறிமுறையாயிற்று. அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருதும் அளிக்கப்பட்டது.

சிகிச்சையும் எட்டாக்கனி அல்ல. முதல் 2 வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும்தான். அதன் பின்னரும், சாப்பிட்ட 2 மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குக் கீழே வராவிட்டால் மட்டுமே மெட்பார்மின் அல்லது இன்சுலின். பெரும்பாலோருக்கு அந்த நிலை வருவதில்லை. ரெட்டை உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று நெய் வழியும் லட்டுவைத் திணிக்கும் வீட்டுப் பெரியவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் ஆஷா பணியாளருக்கு மருந்தைவிடக் கடினமான வேலை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிடில் சிசு அளவுக்கு மீறிப் பெருக்கிறது. பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனக் குறையவும் கூடும். எனவேதான் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அதையடுத்துக் குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை என்கிறது நெறிமுறை. வீட்டுப் பிரசவத்தில் இது நடவாது.

ஆனால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் சுமார் 70 சதவீதம். குறைந்தது நான்கு முறை வந்தவர்கள் 58 சதவீதம் மட்டுமே. ஏறத்தாழ 89 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதாவது, பிரசவத்துக்கு வருபவர்களில் பலர் இடையில் வருவதில்லை. இரண்டாவது குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டிய வாரங்கள் அந்த இடைவெளியில்தான் கரைகின்றன. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி மருத்துவர்களே கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த முகாம்களில் குளுக்கோஸ் பொட்டலம் இருப்பில் உள்ளதா, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க ஆள் உள்ளாரா என்பதை யார் பார்ப்பது? அவையில் கேட்டால், சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்ற பதில் தயாராக இருக்கும்.

இதனினும் பெரிய ஓட்டை பிரசவத்துக்குப் பின்னர். கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 7 மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே 6-வது வாரத்தில் மறுபரிசோதனை அவசியம். அதன் பிறகு? தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் பரிசோதனை, 30 வயது கடந்தவர்களைக் குறிவைத்தது. 22 வயதில் தாயாகும் பெண்ணுக்கு 8 ஆண்டு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இதற்கிடையே இரண்டாவது குழந்தையும் பிறந்துவிடும். 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு கண்டறிந்த நாட்டில் இப்படியொரு வயது வரம்பு, இந்தத் தாய்மார்கள் விஷயத்திலாவது, தளர்த்தப்பட வேண்டும்.

6-வது வாரத்தில் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வருபவர் அந்தத் தாய்தான். அதே நாளில், அதே நிலையத்தில் அவருக்கும் பரிசோதனை செய்யலாம். இதற்கு மட்டும் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே தாய்-சேய் அட்டையில் தேதியுடன் எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசிக்கு அட்டையில் கட்டம் உள்ளதுபோல, தாயின் இந்தப் பரிசோதனைக்கும் ஒரு கட்டம் வேண்டும். அது நிரப்பப்பட்ட எண்ணிக்கையை மாநிலவாரியாக ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அமைச்சகம் தாக்கல் செய்ய வேண்டும்.