இயன்றவரை போதுமா?

கட்சிக்காரரின் பணத்தைக் கையாடிய சட்டத்தரணியின் பெயரை உயர் நீதிமன்றம் இடாப்பினின்றும் நீக்கினால், "தகும்" என்கிறோம். வஞ்சகம் சிறிதும் அறியாத, ஆனால் தொழிலும் அறியாத ஒருவரால் ஒரு குடும்பம் கெடும்போதோ, "விதி" என்று கூறி அமைகிறோம். இவ்வேறுபாடு எனக்கு விளங்கவில்லை.

எம் அயலவர் ஒருவரின் காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. இரு பசுக்களை விற்று மேன்முறையீட்டுக்குப் பணம் கொடுத்தார். தீர்ப்பின் பின் 14 நாளுள் அறிவித்தலும், 60 நாளுள் மனுவும் கொடுத்தல் வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் முன்னைய கணக்கிற் கழிக்கப்படும், பின்னையதிற் கழிக்கப்படா. அவருடைய சட்டத்தரணியோ இரண்டிலும் கழித்துவிட்டார். மனு தள்ளப்பட்டது; காணி போயிற்று. ஒரு முறை நாட்கணக்குத் தவறுதல் யார்க்கும் நேரும். ஆயின், இவர்க்கு அது முதன்முறையன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். நல்ல மனிதர், ஒரு சதமும் திருடினாரல்லர்.

1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், 42ஆம் பிரிவில், வஞ்சகம், முறைகேடு, குற்றம் முதலியவற்றுக்காகச் சட்டத்தரணியை இடைநிறுத்தவும் விலக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றது. திறமையின்மை என்ற சொல் அங்கே இல்லை. 1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒழுக்க விதிகளோ, ஏற்ற கருமத்தில் உரிய கவனத்தோடு, தம்மால் இயன்றவரை திறமை காட்டுமாறு பணிக்கின்றன. 'தம்மால் இயன்றவரை' என்பதிலே இலக்கணம் கற்பிக்கும் என் கண் தடைப்படுகின்றது. இயல்வதே சிறிதாயின், அச்சிறிதைச் செய்தவர் விதியை மீறியவர் ஆகார் அன்றோ? அளவுகோல் அவரிடத்தே இருத்தல் தகாது. நன்கு பயின்ற சட்டத்தரணி ஒருவர் என் செய்வார் என்பதே அளவாதல் வேண்டும்.

நட்டஈடு கோரி வழக்கிடலாம் என்பர். அதற்கும் இன்னொரு சட்டத்தரணியன்றோ வேண்டும்!

தோற்ற கட்சிக்காரர் ஒவ்வொருவரும் முறைப்பாட்டோடு புறப்படுவர் என்னும் அச்சம் நியாயமானதே. ஆகவே, வாதத்திற் செய்த தெரிவு பிழைத்ததைக் குற்றமாக்கல் வேண்டா. ஏட்டைப் பாராமை, தவணையை அறியாமை, இவை மீண்டும் மீண்டும் நிகழ்தல் என்பனவே விசாரணைக்குரியன. அப்போதும் உடனே விலக்க வேண்டுமென்பதில்லை. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையிற் சில காலம் பணிசெய்யவோ, மீண்டும் பரீட்சை எழுதவோ கட்டளையிடலாம். ஆசிரியனாகிய என் வகுப்பறைக்குக் கல்வி அதிகாரி வருகிறார், பாடக்குறிப்பைக் கேட்கிறார், குறை காணிற் பயிற்சிக்கு அனுப்புகிறார். அதனால் என் மதிப்புக் குறைந்ததாக யான் எண்ணியதில்லை. (அவர் வரும் நாளிற் சற்றே வியர்ப்பதுண்டு.)

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலர். என்னிடம் தமிழ் கற்றோரும் உளர். தம் சங்கக் கூட்டத்தில் இதனை எழுப்ப இயலாதெனின், காரணத்தை அடுத்த மலரில் அவர்கள் எழுதட்டும்.