கைபேசியிலும் மீட்டர் கேஜ், பிராட் கேஜா?

நம் சங்கக் குடும்பங்களில் சில ஆண்டுகளாகப் புதுவிதமான ஒரு பிரிவினை தலைகாட்டி வருகிறது. குலம் கோத்திரம் விசாரித்த காலம் போய், "உங்களுடையது ஐபோனா, ஆண்ட்ராய்டா?" என்று விசாரிக்கும் காலம் வந்துவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர் பகட்டுக்காரர், பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறவர் என்று ஒரு சாரார் ஏளனம் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் கஞ்சர், இல்லையென்றால் விவரம் தெரியாதவர் என்று மறு சாரார் சொல்கிறார்கள். விளையாட்டாகத் தொடங்கும் இந்தப் பேச்சு, கல்யாண வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் மனத்தாங்கலில் போய் முடிகிறது. தண்டவாளத்தோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில், இதைப்பற்றிச் சில கருத்துக்களை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவது நமக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று வாதாடி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அம்பாசிடர் நல்ல காரா, ஃபியட் நல்ல காரா என்று சாலைக் கடைவீதியில் டீ ஆறிப்போகும்வரை பேசியவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சண்டைகளில் ஒரு சௌகரியம் இருந்தது. ஃபியட்காரரும் அம்பாசிடர்காரரும் ஒரே ரோட்டில்தான் போனார்கள், ஒரே பெட்ரோல் பங்கில்தான் நின்றார்கள். யார் வீட்டுக்கும் யாரும் போக முடிந்தது. கைபேசிச் சண்டை அப்படிப்பட்டதல்ல. இங்கே ரோட்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ரயில்வே சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தில் ரயில் பாதை போடத் தொடங்கிய காலத்தில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. ஸ்டீபன்சன் வழிவந்தவர்கள் நான்கடி எட்டரை அங்குல அகலத்தில் பாதை போட்டார்கள். புரூனல் என்ற மேதை ஏழடி அகலத்தில் போட்டார். வேகத்திலும் ஆட்டமில்லாமல் ஓடுவதிலும் புரூனல் பாதை சிறந்தது என்று அவர் கட்சிக்காரர்கள் வாதிட்டார்கள். ஆனால் இரண்டு பாதைகளும் சந்தித்த குளூஸ்டர் நகரில், ஒரு வண்டியிலிருந்து சரக்கை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மூட்டை கிழிந்தது, சாமான் உடைந்தது, நேரம் போனது. கடைசியில் 1846-ல் பாராளுமன்றமே சட்டம் போட்டது. புரூனல் பாதையின் கடைசிப் பகுதி 1892-ல் மாற்றப்பட்டது.

நம் நாட்டிலும் அதே கதைதான். டல்ஹௌசி காலத்தில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 1870-ல் மேயோ காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர் கேஜ். எர்ணாகுளம் - திருவனந்தபுரம் பாதை 1976-ல் அகலப்பாதையானது. ஆனால் கொல்லத்திலிருந்து செங்கோட்டை போகும் பாதை மீட்டர் கேஜாகவே இருந்தது. தென்காசி, செங்கோட்டை பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு, கொல்லத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறியது நினைவிருக்கும். ஒரே பாதை என்ற யூனிகேஜ் திட்டம் 1992-ல் தொடங்கியது. புனலூர் - செங்கோட்டை மலைப்பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோது 2018 ஆகிவிட்டது. கொல்லத்தில் இறங்கி நின்ற பயணியைப் பார்த்து, "நீ மீட்டர் கேஜ்காரன், அதனால் மட்டமானவன்" என்று யாரும் சொல்லவில்லை. குறை பாதையில்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கைபேசி விஷயத்தில் நாம் இதைத்தான் மறந்துவிட்டோம். ஐபோன் 2007-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்ட்ராய்டு கைபேசி 2008-ல் வந்தது. அப்போது ஐபோனிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லாமே பச்சைக் கட்டத்தில்தான் தெரியும். ஆப்பிள் கம்பெனி 2011-ல் ஐமெசேஜ் என்ற தன் சொந்தச் சேவையைக் கொண்டுவந்தது. அதன்பின் ஐபோனுக்கு ஐபோன் போகும் செய்தி நீலம், மற்ற கைபேசிகளுக்குப் போவது பச்சை என்றாகிவிட்டது. வெறும் நிறத்தோடு போயிருந்தால் பாதகமில்லை. பச்சை வழியில் போன படம் மங்கியது, வீடியோ கலங்கியது, குழுவாகப் பேசும்போது பல வசதிகள் வேலை செய்யவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் இது டிரான்ஷிப்மென்ட் யார்டு. வண்டி மாற்றும் இடத்தில் சரக்கு உடைகிறது. பழி மட்டும் பச்சைக்காரர் தலையில் விழுகிறது!

அமெரிக்காவில் வசிக்கும் என் உறவினர் ஒருவரின் மகன், பள்ளிக்கூடத்தில் நண்பர்களின் குழுவில் தன்னைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று அழுது, ஐபோன் வாங்கிக்கொண்டான். ஒரு பையனின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச் 21-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி மீது தொடுத்த ஏகபோக வழக்கின் மனுவிலேயே, இளவயதினருக்கு இதனால் ஏற்படும் தலைகுனிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆப்பிள் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. தன் பொருட்கள் ஒன்றோடொன்று நன்கு இணைந்து இயங்குவதும், வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்கப்படுவதும் இந்த முறையால்தான் என்பது அதன் வாதம். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதே கம்பெனி 2024 செப்டம்பரில் ஆர்.சி.எஸ். என்ற பொது முறையையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் இடையில் படங்கள் தெளிவாகப் போகத் தொடங்கின. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. மனம் வைத்தால் பாதை இணையும். பச்சை நிறத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை!

நம் ஊரில் இந்த நீலம் பச்சை விவகாரம் அவ்வளவாகக் கிடையாது. நாமெல்லாம் வாட்ஸ்அப்காரர்கள். நாம் அனுப்பும் செய்தி அங்கே எல்லோருக்கும் பச்சைதான். இந்தியாவில் பத்துக் கைபேசியில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. ஆனால் பாதையில் இல்லாத பிளவை நாம் கௌரவத்தில் உண்டாக்கிக்கொண்டோம். கல்யாணத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால், "ஐபோன் யாரிடம் இருக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். நல்ல ஆண்ட்ராய்டு கைபேசியோடு முன்வந்த பிள்ளை பின்னால் நகர்ந்துகொள்கிறான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், சம்பளத்தில் பெரும் பகுதியைத் தவணையாகக் கட்டி ஐபோன் வாங்குகிறான். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆசையோடு அனுப்பிவைத்த ஐபோனைப் பழக முடியாமல் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, பழைய கைபேசியிலேயே பேரனோடு பேசும் பெரியவர்கள் எங்கள் ஸ்ரீவராகத்திலேயே இருக்கிறார்கள். "அப்பா, இன்னுமா அதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று மகன் கேட்கும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐபோன் வைத்திருப்பவரெல்லாம் பகட்டுக்காரர் என்பதும் அபாண்டம். ஒரு கைபேசியைப் பல வருடம் மாற்றாமல் வைத்துக்கொள்ள நினைத்து, கணக்குப் பார்த்து ஐபோன் வாங்குகிறவர்கள் உண்டு. அதன் மென்பொருள் நெடுங்காலம் புதுப்பிக்கப்படுகிறது என்பது உண்மை. சாம்சங், கூகுள் கம்பெனிகளும் தங்கள் உயர்ரகக் கைபேசிகளுக்கு ஏழு வருடம் என்று இப்போது வாக்களித்திருக்கின்றன. ஐபோன் என்றால் மோசடி நடக்காது என்று நினைப்பதும் தவறு. "டிஜிட்டல் கைது" என்று மிரட்டும் திருடன் கைபேசியின் பெயரைக் கேட்டுக்கொண்டு கூப்பிடுவதில்லை. ஓ.டி.பி.யை நாமே வாயால் சொல்லிவிட்டால் எந்தக் கைபேசியும் நம்மைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நாம் இங்கே ஒருவரையொருவர் மட்டம் தட்டிக்கொண்டிருக்க, அந்தக் கம்பெனிகள் என்ன செய்கின்றன? ஐபோனின் தேடுபொறியாகத் தான் இருப்பதற்காகக் கூகுள் கம்பெனி 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியான தகவல். ஐபோன்கள் பலவற்றுக்குத் திரை செய்து கொடுப்பது போட்டிக் கம்பெனியான சாம்சங். முதலாளிகள் கொடுக்கல் வாங்கலில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். சண்டை நம் வீட்டுத் திண்ணையில்தான்!

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சண்டை சிறிதும் பொருந்தாது என்பேன். 2015 முதல் கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். அதற்கு முன் ஆண்ட்ராய்டு பிரிவையே கவனித்தவர். ஐபோனோ, 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அத்தகைய பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்காக வல்லம் வடகாலில் கட்டப்பட்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உலகத்துக்கெல்லாம் ஐபோன் பூட்டிக் கொடுக்கும் அந்தப் பெண்களில் எத்தனை பேர் கையில் ஐபோன் இருக்கும்? அவர்களைப் பார்த்து "விவரம் தெரியாதவர்கள்" என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா? மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் விசைமுகம் இரண்டு வகைக் கைபேசியிலும் தமிழ் எழுத உதவுகிறது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்து ஆப்பிள் கணினியிலேயே இடம்பெற்றது. தமிழ் எழுத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கிடையாது.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டியினால்தான் தரம் உயர்கிறது, விலையும் கட்டுக்குள் நிற்கிறது. இஞ்சினில் போட்டி இருக்கட்டும், பெட்டியில் போட்டி இருக்கட்டும். தண்டவாளம் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதைத்தான் செய்தது. எல்லாக் கைபேசிக்கும் ஒரே வகை சார்ஜர் முனை என்று சட்டம் போட்டது. அது 2024 டிசம்பர் 28 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2023-ல் வந்த ஐபோனிலேயே ஆப்பிள் தன் தனி முனையைக் கைவிட்டது. இன்று ஒரே வயரில் மாமனாரும் மருமகனும் மாறி மாறி சார்ஜ் செய்துகொள்கிறார்கள். யாருடைய கௌரவமும் குறையவில்லை.

ஆகவே நம் குடும்பங்களுக்கு எனது பணிவான வேண்டுகோள் மூன்று. முதலாவது, கைபேசியைத் தேவைக்கும் வருமானத்துக்கும் ஏற்ப வாங்குவோம். தவணை கட்டப் போகிறவன் பையன்தான், கூட்டத்தில் நின்று கேலி செய்தவர்கள் அல்ல என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வோம். இரண்டாவது, பெரியவர்களுக்குக் கைபேசி பரிசளிக்கும்போது அவர்களுக்குப் பழகிய வகையையே கொடுப்போம். புது வகையைக் கொடுத்தால் நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுப்போம். மூன்றாவது, நம் சங்க விழாக்களின் படங்களையும் செய்திகளையும் எல்லாக் கைபேசியும் ஏற்கும் வழியில் மட்டுமே பகிர்வோம். படம் கிடைக்காமல் ஒருவர் ஓரமாக நிற்கும் நிலை நம் விழாவில் வரக்கூடாது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே பெரிய பலம். அன்று கடிதமும் டிரங்க் காலும் செய்த வேலையைத்தான் இன்று கைபேசி செய்கிறது. எந்தக் கம்பெனிக் கைபேசியில் பேசினால் என்ன? வாரம் ஒரு முறையாவது ஊரிலிருக்கும் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்)