ஆள் பார்த்து மாறும் குரல்

கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. பிள்ளையைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவைத்து, இடுப்பில் கையை ஊன்றிக் கத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து மேனேஜரிடமிருந்து போன். "சொல்லுங்க சார்... இல்ல சார், ஃப்ரீயாத்தான் இருக்கேன்." குரலில் தேன் வழிகிறது. முகத்தில் சிரிப்புகூட வந்துவிடுகிறது, இத்தனைக்கும் அவர் நம் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. போனை வைத்ததும் பழைய முறைப்பு திரும்பிவிடும்.

கோபம் வந்தால் அடக்க முடியவில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அடக்க முடிகிறது, ஆள் பார்த்து முடிகிறது. எதிரே நிற்கும் பிள்ளை இதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்? 'சரி, போய் விளையாடு'ன்னுதானே சொன்னேன்!" ஆமாம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள். போனால் பின்னால் என்ன வரும் என்று தெரிந்துதான் பிள்ளை போகாமல் நின்றது. பேச்சில் 93 சதவீதம் குரலும் முகமும்தான் என்று மேடைகளில் அடித்துவிடுவார்களே, அதை நம்பாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு அது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது, பிடித்தம் வெறுப்பு போன்ற உணர்வைச் சொல்லும்போது வார்த்தை ஒன்றும் குரல் வேறொன்றுமாக இருந்தால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை. நம் வீட்டுச் சிக்கலும் அதுதான்.

இன்னும் சிலர் வாயையே திறக்க மாட்டார்கள். பாத்திரம் 'ணங்' என்று விழும், பீரோ கதவு அறையும், தட்டு மேஜையில் வந்து மோதும். இரண்டு நாள் பிள்ளையின் முகத்தையே பார்ப்பதில்லை. திட்டாததால் இதைப் பொறுமை என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கைக்குழந்தையின் எதிரே உட்கார வேண்டும், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பலிக்கவில்லை என்றதும் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பேச்சே வராத குழந்தைக்கே அது புரிகிறதென்றால், எட்டாவது படிக்கிற பையனுக்குப் புரியாதா?

அவன் பதிலுக்குக் குரலை உயர்த்தினால் மட்டும், "கத்தாதே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறோம். அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று தேட வேண்டியதில்லை.

கண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேல் நின்றுகொண்டு கண்டிக்காதீர்கள், உட்காருங்கள். நீட்டிய விரலை மடக்குங்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். மேனேஜருக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது பெற்ற பிள்ளைக்குக் கொடுங்கள்.