தலைமுடியை நம்பித் தண்டிக்க முடியுமா?

மலையக வீதிகளில் பஸ் விபத்து நிகழும் போதெல்லாம் சாரதிகளைப் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுவது வழக்கமாகிவிட்டது. 2021 மார்ச் மாதம் பசறையிலும், 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியிலும் இடம்பெற்ற கோர விபத்துக்களை ஊவா மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எல்லயில் மாத்திரம் 15 உயிர்கள் பறிபோயின. இவ்விபத்துக்களுக்குப் போதைப்பொருளே காரணம் என்று நாம் கூற வரவில்லை. எனினும் 2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி போதைப்பொருளுக்கு எதிரான தேசிய வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டதன் பின்னர், யாரை எவ்வாறு பரிசோதிப்பது என்ற கேள்வி முன்னரிலும் கூர்மையடைந்துள்ளது.

சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலான போதைப்பொருட்களை, அவற்றை உட்கொண்ட சில நாட்களுக்குள் மாத்திரமே காட்டித்தரும். தலைமுடியோ மாதக்கணக்கில் கணக்கு வைத்திருக்கின்றது. இரத்தத்தில் கலந்த போதைப்பொருள் முடியின் வேரை அடைந்து, வளரும் முடியினுள் சிறைப்படுகின்றது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், தலையோட்டை ஒட்டி வெட்டப்படும் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் முடி ஏறக்குறைய மூன்று மாத வரலாற்றைச் சொல்லிவிடும். 1979 இல் அமெரிக்க ஆய்வாளர் வேர்னர் பௌம்கார்ட்னர் ஹெரோயின் பாவனையாளரின் முடியில் அதன் தடயத்தைக் கண்டறிந்ததைத் தொடர்ந்து இம்முறை வளர்ச்சி கண்டது. பிரேசிலில் 2016 முதல் பஸ், லொறி சாரதிகள் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இங்கும் இத்தகைய யோசனை முன்வைக்கப்படும் நாள் வெகுதொலைவில் இல்லை.

அந்த நாள் வருமுன் சில விடயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியமாகும். வேரில் சேர்ந்த தடயம் தோலுக்கு வெளியே தலைகாட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இன்று காலை சாரதி எந்த நிலையில் பஸ்ஸைச் செலுத்தினார் என்பதற்கு முடியிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் தவறிழைத்து, பின்னர் திருந்தியவரையும் அது காட்டிக்கொடுக்கும். நேற்றிரவு முதன்முறையாகப் பாவித்தவரைத் தப்பவிடும். வீதிப் பாதுகாப்பே நோக்கமாயின் முடி அதற்கேற்ற கருவி அன்று.

அடுத்தது புகை. ஒருவர் பாவிக்கும் போதைப்பொருளின் புகையும் தூளும் அருகிலிருப்பவரின் முடியிலும் படியும்; கழுவினாலும் முற்றாக நீங்குவதில்லை. முடியில் கஞ்சாவின் தடயம் இருப்பது மாத்திரம் அதனைப் பாவித்தமைக்கு ஆதாரமாகாது என 2015 இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒரே லயன் அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும் தோட்டப்புறத்தில், அண்ணனின் புகைக்குத் தம்பியின் தலைமுடி சாட்சி சொன்னால் என்ன செய்வது?

முடியின் நிறமும் ஒரு பிரச்சினையே. கொக்கெய்ன், 'ஐஸ்' போன்றவை, முடிக்குக் கருமையளிக்கும் மெலனினுடன் இறுகப் பிணைகின்றன. ஒரே அளவில் உட்கொண்டாலும் கரிய முடியில் கூடுதலாகத் தேங்கக்கூடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பொலிஸில் இப்பரிசோதனையினால் பதவியிழந்த கறுப்பின உத்தியோகத்தர்கள் வழக்குத் தொடுத்தனர். வெள்ளையர்களை விடக் கறுப்பினத்தவர்களே கூடுதலாகச் சிக்கியமை தற்செயலானதன்று என்பதை 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கருங்கூந்தலை அழகின் இலக்கணமாகக் கொண்ட எமக்கு இச்செய்தியில் அக்கறை இருந்தாக வேண்டும்.

எம்மவர் பெருந்தொகையில் வாழும் ரொறன்ரோவில் நிகழ்ந்தது இதனிலும் கொடியது. அங்குள்ள சிறுவர் வைத்தியசாலையின் 'மதரிஸ்க்' ஆய்வுகூடம் அளித்த முடி அறிக்கைகளை நம்பிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். 2005 முதல் 2015 வரை அங்கு நடத்தப்பட்ட பரிசோதனைகள் நீதிமன்றப் பாவனைக்கு உகந்தவையல்ல என ஓய்வுபெற்ற நீதியரசர் சூசன் லாங் 2015 இல் அறிக்கையிட்டார். முதற்கட்டச் சோதனையின் முடிவு, உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனையின்றியே பல காலம் வெளியிடப்பட்டமை அதன் பெருங்குறைகளில் ஒன்றாகும். பின்னர் 1,271 வழக்குகளை ஆராய்ந்த ஆணைக்குழு, 56 வழக்குகளின் முடிவில் இவ்வறிக்கைகள் கணிசமான தாக்கம் செலுத்தியிருந்ததாக 2018 இல் கூறியது. அவற்றுள் பிள்ளைகள் மீளக் கிடைத்த குடும்பங்கள் மிகச் சிலவே.

ஊவாவில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. கதிர்காமத்தில் முடிகாணிக்கை செலுத்தித் திரும்பும் சாரதியிடம் எதனை வெட்டுவது? உடல்முடியை எடுத்தால் அது எந்த மாதத்துக்குரியது எனத் திட்டமாகக் கூறவியலாது. நேர்த்திக்கடன் செலுத்தியவர் தடயத்தை மறைத்தவராகச் சந்தேகிக்கப்படுவார்.

மீரியபெத்தவை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டியுள்ளது. அந்த மலைச்சரிவு ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மண் சரிந்து லயன்களை மூடும் வரை மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். காக்க வந்த விஞ்ஞானத்துக்குச் செவிசாய்க்காத நிர்வாகம், தண்டிக்க உதவும் விஞ்ஞானத்தை மாத்திரம் அவசரமாகத் தழுவிக்கொள்ளுமாயின் தோட்ட மக்கள் அதனை எவ்வாறு நம்புவர்? தோட்டத்தை விட்டு வெளியேற முனையும் இளைஞர் பலருக்கு முச்சக்கர வண்டியோ பஸ்ஸோ செலுத்துவதே கைக்கெட்டிய தொழில். சாரதி அனுமதிப்பத்திரத்தை இழப்பது அவர்களுக்கு வாழ்வாதாரத்தை இழப்பதாகும்.

இப்பரிசோதனையை முற்றாக நிராகரிக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. சிகிச்சை பெறுபவர் மீண்டும் பழக்கத்துக்கு அடிமையாகிறாரா என அறிய வைத்தியர்களுக்கு இது உதவும். ஆனால் பதவி நீக்கத்துக்கோ, 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான கட்டாயப் புனர்வாழ்வுக்கோ முடி அறிக்கை தனித்த ஆதாரமாகக் கூடாது. அமெரிக்க அரசாங்கம் 2020 இல் முன்மொழிந்த வழிகாட்டலே, முடியின் முடிவை வேறொரு மாதிரி கொண்டு உறுதிப்படுத்த வேண்டும் என்றது. வெட்டப்படும் முடியின் ஒரு பகுதி முத்திரையிடப்பட்டு, பரிசோதிக்கப்படுபவர் விரும்பும் வேறொரு ஆய்வுகூடத்துக்காகப் பேணப்பட வேண்டும். அச்செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும். அறிக்கை அவருக்குத் தமிழில் வழங்கப்பட வேண்டும். இந்த ஏற்பாடுகள் சட்டத்தில் எழுதப்படும் வரை எந்தச் சாரதியின் தலையிலும் கத்தரிக்கோலை வைக்க அதிகாரிகளுக்கு இடமளிக்கலாகாது.