கூப்பிடு தூரம்

ஆங்கிலத்தில் 'இயர்ஷொட்' என்றொரு சொல் உண்டு. ஓர் ஒலி காதுக்குக் கேட்கத்தக்க தூரம் என்பது அதன் பொருள். அண்மையில் மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்றில் இச்சொல் வந்தபோது, என் மாணவருள் ஒருவர் 'செவிப்புல எல்லை' என்று எழுதியிருந்தார். "ஏன் இவ்வாறு எழுதினீர்?" என வினவினேன். "தமிழில் இதற்குச் சொல் இல்லை ஐயா, ஆதலால் ஆக்கிக்கொண்டேன்" என்றார். இல்லாத சொல்லை ஆக்குதல் குற்றமன்று. இருக்கும் சொல்லை இல்லையென எண்ணி ஆக்குதலே குற்றம். அக்குற்றமும் மாணவருடையதன்று, அவருக்குக் கற்பித்த நம்முடையது.

தீவகத்திலே பிறந்து வளர்ந்தோர் யாவரும் அறிந்த சொல் 'கூப்பிடு தூரம்'. கடை எவ்வளவு தொலைவு என்று வழிப்போக்கர் கேட்டால், "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்று படலையில் நின்றபடியே விடை கூறுவர். இது பாமரர் வழக்கென்று ஒதுக்கத்தக்கதன்று. பழைய கணக்கு வாய்பாட்டில் 4 முழம் ஒரு கோல். 500 கோல் ஒரு கூப்பிடு. 4 கூப்பிடு ஒரு காதம். முழத்தை 18 அங்குலமாகக் கொண்டால் ஒரு கூப்பிடு 3000 அடியாகும். அரை மைலிலும் சற்றுக் கூட. வடமொழியின் 'குரோசம்' என்னும் அளவைப் பெயரும் கூவுதல் என்னும் பொருளடியாகப் பிறந்ததே. சிங்கள மக்களும் 'ஹூ' என்னும் ஒலி கேட்குந் தூரத்தை ஓரளவாகக் கொண்டனர்.

இனி இரு சொற்களையும் ஒப்பிடுவோம். ஆங்கிலச் சொல், அம்பு பாயுந் தூரத்தைக் குறிக்கும் 'போஷொட்' என்பதைப் பின்பற்றி அமைந்தது. அது கேட்பவரின் செவியைப் பெயரில் வைத்தது. தமிழ்ச் சொல்லோ கூப்பிடுபவரின் குரலை வைத்தது. செவி தானாகவே கேட்கும். அதற்குக் கடமை இல்லை. கூப்பிடுதல் அத்தகையதன்று. கூப்பிட்டால் ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கை அச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

ஆதலால் எவ்விடத்தும் ஒன்றுக்கு மற்றொன்றைப் பெய்தல் பொருந்தாது. பிள்ளைகளின் 'இயர்ஷொட்'டில் இதனைப் பேசாதே என்னும் கருத்துக்கு, 'பிள்ளைகள் காதில் விழப் பேசாதே' என்பதே தமிழ். அங்கே கூப்பிடு தூரம் என்றால் நகைப்புக்கிடமாகும். உதவிக்கு எவரும் 'இயர்ஷொட்'டில் இல்லை என்னுமிடத்தில், 'கூப்பிடு தூரத்தில் ஆளில்லை' என்க. இரண்டிடத்தும் 'செவிப்புல எல்லை' வேண்டியதில்லை.

அளவுகருவிகள் மலிந்த இக்காலத்தில், காற்றோடு மாறும் அளவு எதற்கு எனச் சிலர் வினவலாம். சோளகம் வீசும் நாளில் காற்றுக்கெதிரே கூப்பிட்டால் குரல் நெடுந்தூரம் செல்லாதென்பது உண்மையே. காணி அளப்பதற்கு அச்சொல்லை யாம் கேட்கவில்லை. மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கவே அது வேண்டும். குறிகட்டுவான் துறையில் நின்றால் நயினாதீவுக் கோபுரம் கண்ணுக்கெட்டும், குரல் எட்டாது. நெடுந்தீவுக்கோ படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். இத்தகைய தீவுகளில் இரவில் நோய் கண்டவருக்கு முதற்றுணை கூப்பிடு தூரத்து அயலவரே.

1990ஆம் ஆண்டையடுத்து நேர்ந்த இடப்பெயர்வுகளால் அந்த அயல் குலைந்தது. போனோர் பலர் திரும்பிலர். பூட்டிய வீடுகளின் நடுவே முதியோர் சிலர் தனித்து வாழ்கின்றனர். கனடாவிலுள்ள மகனின் குரல் நாள்தோறும் தொலைபேசியிற் காதில் விழுகின்றது. கூப்பிட்டால் அவனால் வர இயலாது. ஆங்கிலச் சொல்லின்படி அவன் அருகிலிருக்கின்றான். தமிழ்ச் சொல்லின்படி வெகு தொலைவிலிருக்கின்றான். நம் சொல்லே உண்மையைக் கூறுகின்றது.

ஒலியைச் செவியேற்றலையும் நலம் வினவுதலையும் 'கேள்' என்னும் ஒரே சொல்லால் வழங்கியோர் நம் முன்னோர். துணையற்றவரைக் 'கேட்பாரற்றவர்' என்றதும் அதுபற்றியே. ஆசிரியர்கள் 'கூப்பிடு தூரம்' என்னும் சொல்லை வகுப்பில் எடுத்துரைப்பாராக. தம் வீட்டின் கூப்பிடு தூரத்தில் தனித்திருப்போர் எத்தனை பேர் என்பதை மாணவர் எண்ணி வருவாராக. சொல்லின் பொருள் அப்போது தானே விளங்கும்.