கை காய்க்க வேண்டுமா, கையுறை வேண்டுமா?

நம் பக்கத்தில் கையுறை என்றால் நினைவுக்கு வருவது மூன்று பேர்தான். ஆபரேஷன் செய்கிற டாக்டர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர், கொரோனா காலத்தில் ரேஷன் கடையில் நின்றவர். மற்றபடி கரும்பு வெட்டுகிறவர், உளுந்து பிடுங்குகிறவர், வலை இழுக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர் எல்லாரும் வெறுங்கைதான். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "பழகிப்போச்சுங்க."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். எழுத வைத்ததோ, நம் கீரப்பாளையத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு விளையாட்டு.

சிங்கப்பூரில் இருக்கும் என் பேரன் அங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்கிறான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பலகை, அதன் நடுவில் ஒரு பாய்மரம், அதில் ஒரு பாய். பலகை மேல் நின்றுகொண்டே பாயைக் காற்றுக்குக் காட்டி ஓட்ட வேண்டும். பாயின் இரண்டு பக்கமும் வளைந்து வரும் ஒரு குழாய் உண்டு. அதற்குப் பெயர் பூம். அதுதான் கைப்பிடி, அதுதான் சுக்கான் மாதிரியும். காற்றின் இழுப்பு அவ்வளவும் அந்தக் குழாய் வழியாகக் கைக்குத்தான் வரும்.

1968-இல் கலிபோர்னியாவில் ஜிம் ட்ரேக், ஹாய்ல் ஷ்வைட்சர் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் ஈபாத் அலி இதில் வெண்கலம் வாங்கினார். கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடிய நம் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பெரியவர்களுக்கு இதைக் காட்டினால், "இதுக்குப் பதக்கம் வேற குடுக்கறாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது வாரமே பையனுக்கு விரல் அடியெல்லாம் கொப்புளம். அவன் அம்மா கிளவுஸ் வாங்கி வைத்துவிட்டாள். பயிற்சியாளரோ போடாதே என்கிறார். வீட்டில் இரண்டு கட்சி. மூன்றாவது கட்சியாக வீடியோவில் என்னைக் கூப்பிட்டான். "தாத்தா, நீங்க சொல்லுங்க."

மின் கம்பிகளோடு சம்பந்தப்பட்ட வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கையுறை விஷயத்தில் தாத்தா தன் பக்கம்தான் நிற்பார் என்று மகள் நினைத்திருப்பாள். நான் பயிற்சியாளர் பக்கம் சாய்ந்தேன்.

காரணம் இருக்கிறது. அந்தக் குழாயின் பருமன் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். கையுறை போட்டால் பிடிக்கிற பொருள் இன்னும் தடித்துவிடும். தடித்ததைப் பிடிக்க முன்கை தசை கூடுதலாக இறுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் துடைப்பக் கட்டையில் ஒரு ஈரத்துண்டைச் சுற்றி ஐந்து நிமிஷம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். முன்கை கல்லாகிவிடும். இன்னொன்று, நனைந்த கையுறை உள்ளங்கையில் மடிப்பு விழும். அந்த மடிப்பே புதுக் கொப்புளத்தைக் கொண்டுவரும். ஐரோப்பாவில் குளிர்ந்த தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் போடுகிறார்கள், உண்மைதான். அது குளிருக்காக. அங்கேயும் சிலர் உள்ளங்கைப் பக்கம் திறந்த கையுறையாகப் பார்த்துப் போடுகிறார்கள், தோல் குழாயைத் தொட வேண்டும் என்பதற்காக. சிங்கப்பூர்க் கடலிலும் நம் வங்கக் கடலிலும் குளிர் என்ற பேச்சே இல்லை.

ஆகவே அவனுக்குச் சொன்னது இதுதான். கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதே, விரலைக் கொக்கி மாதிரி மாட்டு. முதல் மாதம் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டு. கொப்புளம் வருவதற்கு முன்பே, எரிச்சல் தெரிந்ததும் இறங்கிவிடு. இடுப்பில் பெல்ட் மாதிரி ஹார்னஸ் கட்டி, காற்றின் இழுப்பை உடம்பின் எடைக்கு மாற்றுகிற கட்டம் பிறகு வரும். அப்போது கைக்குப் பாதி வேலை குறைந்துவிடும். தோல் கிழிந்துவிட்டால் ஆறும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதே. தண்ணீரில் விழுந்த பாயைக் கயிறு பிடித்துத் தூக்கிப் பழகும் நாட்களில் மட்டும் அம்மா வாங்கிய கிளவுஸைப் போட்டுக்கொள்.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். கயிறு வேறு, கம்பு வேறு. கம்பு கைக்குள் ஒரே இடத்தில் நிற்கும். தோல் அதற்கு ஏற்பத் தடித்துக் காய்த்துவிடும். கயிறு கைக்குள் ஓடும். ஓடும் கயிறு தோலை அறுக்கும், சூட்டில் உரித்தும் எடுக்கும். சென்னையிலிருந்து போய் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் படகு ஓட்டினாரே நேத்ரா குமணன், அந்த வகைப் பாய்மரப் படகில் பாயைக் கயிறால்தான் இழுத்து விட வேண்டும். அங்கே பலரும் கையுறை போடுவது வழக்கம். ஒரே கடல், ஒரே காற்று. கையில் இருப்பது எது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் போடுகிறவர் பிடிப்பது கம்பு. அவர் கை காய்த்திருக்கும். அந்தக் காய்ப்பே அவருக்குக் கையுறை. கரைவலை இழுக்கிறவர் பிடிப்பது கயிறு. பருத்தியும் தென்னை நாரும் இருந்த காலம் போய் நைலான் வந்த பிறகு, கயிறு அறுக்கிற அறுப்பே வேறு. அதோடு கெளுத்தி முள்ளும் சொறியும் வலையோடு வரும். அங்கே கையுறை வேண்டும். அதே மீனவர் விசைப்படகில் சுழலும் வின்ச் பக்கம் நின்றால் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். துணி நுனி சிக்கினால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். போடு என்பதும் போடாதே என்பதும் ஒரே படகில் பத்தடி தூரத்தில் மாறுகிறது.

கரும்பு வெட்டுகிறவருக்கு வலது கையில் கத்தி, கத்தியின் பிடி கம்பு. இடது கையில் கரும்பு, அதன் தோகை ஓரம் ரம்பம் மாதிரி. அவருக்கு இடது கைக்கு ஒன்று போதும். சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளை வருஷம் தவறாமல் பார்க்கிறோம். அதை வெட்டிய இடது கைகளைப் பார்த்திருக்கிறோமா?

இனி பழகிப்போச்சு என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் பார்த்த வேலையில் ரப்பர் கையுறையைப் போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்தை இறுகச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று காதோரம் வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி ஓட்டை இருந்தாலும் அது குப்பைக்குத்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருபது வருஷ அனுபவசாலி. பழகிய கை என்று ஒரு நாள் வெறுங்கையோடு நீட்டினார். உயிர் தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

தோல் உராய்வுக்குத்தான் காய்க்கும். மின்சாரத்துக்குக் காய்க்காது. கிருமிக்கும், ஆசிட்டுக்கும், பிளீச்சிங் பவுடருக்கும் காய்க்காது. நடவு வயலில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் சின்னக் கீறல் வழியாக உள்ளே போனாலே எலிக்காய்ச்சல் வரும். அந்தக் கீறலுக்குப் பத்து வருஷ அனுபவமா, இருபது வருஷ அனுபவமா என்று கிருமி கேட்காது. சாக்கடை அள்ளுகிறவர்களுக்குக் கையுறை உள்பட பாதுகாப்புச் சாதனம் தர வேண்டும் என்பது 2013-ஆம் வருஷச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. அந்த வேலைக்கு ஆளை வெறுங்கையோடு இறக்குகிறவர் யாராயிருந்தாலும், "அவனுக்குப் பழகிப்போச்சு" என்று சொல்ல உரிமையில்லை.

என் பேரனுக்குக் கை எரிந்தால் கரைக்கு வந்துவிடலாம். நாளைக்கு வராமலும் இருக்கலாம். கூலிக்கு வருகிறவர் அப்படி வர முடியாது. விளையாட்டில் கை காய்ப்பதை அவன் தேர்ந்தெடுத்தான். வேலையில் கை காய்ப்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால்தான் அவனுக்கு வேண்டாம் என்ற நான் இவர்களுக்கு வேண்டும் என்கிறேன்.

"கொடுத்தாலும் போட மாட்டேங்கறாங்க" என்பார்கள் பண்ணைக்காரர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எதைக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் தடித்த ரப்பர் கையுறையைப் போட்டால் அரை மணியில் வேர்த்து ஊறிப்போகும். ஆம்பளைக் கைக்குத் தைத்ததைப் பெண்களிடம் கொடுத்தால் கழன்று கழன்று விழும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. வேர்வை போகும், பிடியும் வழுக்காது. கைக்குப் பொருந்தியதைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் போடாவிட்டால் பேசுவோம்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது தாண்டினால் தோல் மெலியும். காய்ப்பதற்கு முன் கிழியும். சர்க்கரை இருந்தால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்து, முள் குத்தியதுகூடத் தெரியாமல் போகும். ரோஜாவுக்கு உரம் வைக்கவும் முருங்கைக் கிளை கழிக்கவும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையில் புண் இருக்கும்போது கடலிலும் உப்பங்கழியிலும் கையை விட வேண்டாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள் சர்க்கரைக்காரர்களையும் ஈரல் கெட்டவர்களையும் படுக்கையில் தள்ளிவிடும்.

அறுப்புக்கோ, வெட்டுக்கோ, தோட்ட வேலைக்கோ ஆள் கூப்பிடும்போது டீக்கும் வடைக்கும் சொல்லி வைக்கிறோம். அடுத்த முறை அதோடு நாலு ஜோடி கையுறையும் வாங்கி வையுங்கள்.