துணி டயப்பர் புரட்சி சரி, துவைப்பது யார் தோழர்?

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அண்மையில் அப்பாவான தோழர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "தூக்கிப் போடுற டயப்பரை நாங்க வீட்டுக்குள்ளயே விடுறதில்ல தோழர். பாப்பாவுக்கு எல்லாம் துணிதான். நம்ம பாட்டிங்க காலத்து முறை." நல்ல விஷயம் என்றேன். "யார் துவைக்கிறது?" என்று கேட்டேன். "வேலைக்கு ஒரு அக்கா வர்றாங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

இந்தப் பதிவு அந்தத் தடுமாற்றமின்மையைப் பற்றியது.

'பாட்டி காலத்து முறை' என்று சொல்கிறீர்களே, எந்தப் பாட்டி? ஊர்த்தெருப் பாட்டிகளுக்குப் பிள்ளைப்பேற்றுத் துணியும் தீட்டுத்துணியும் வெளுத்துக் கொடுக்க வண்ணார் குடும்பம் இருந்தது. கூலி என்று தனியாகக் கிடையாது. அறுவடையில் களத்து நெல், இரவில் வீடு வீடாக வாங்கும் மீந்த சோறு. அவ்வளவுதான். அந்தப் பாட்டிகளின் 'இயற்கையோடு இயைந்த வாழ்க்கை' இன்னொரு பெண்ணின் கையில்தான் நடந்தது.

ஊர்த்தெருவைத் திட்டிவிட்டு இதோடு முடித்துக்கொண்டால் நான் நேர்மையற்றவன். எங்கள் சேரியிலும் இதே கதைதான். எங்களுக்குத் துவைக்க புதிரை வண்ணார் குடும்பம் ஒன்று இருந்தது. என் தங்கை பிறந்தபோது இரத்தமும் மலமும் படிந்த துணிகளை ஒரு அம்மா மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிப் போனது எனக்கு நினைவிருக்கிறது. என் அம்மாவைவிட மூத்தவர். என் அப்பா அவரை "ஏ வண்ணாத்தி" என்று கூப்பிடுவார். பத்து வயதுப் பையனான என்னை அவர் "சாமி" என்பார். நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு மேடையிலும் பேசியதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் புதிரை வண்ணாரைத் தொட்டால் மட்டுமல்ல, பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கியிருந்தார்கள். இரவில்தான் அவர்கள் வெளியே வந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. 1932-இல் நாளேட்டில் இது செய்தியாகவே வந்தது. தீண்டப்படாதவர் துணியை வெளுத்தவர்கள் காணப்படாதவர் ஆனார்கள். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் இதை எழுதியபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. கண்ணாடி காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். அரசு 2009-இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. அது அமைய வேண்டியிருந்ததே நமக்கும் ஒரு கேள்விதான்.

அப்படியானால் கடையில் வாங்கும் டயப்பர்தான் விடுதலையா? அதுவும் இல்லை. அதில் இருப்பது மரக்கூழ், நீரை உறிஞ்சும் வேதித்தூள், மேலும் கீழும் பிளாஸ்டிக். அது மக்காது. மலத்தோடு சுருட்டிக் குப்பையில் போடுகிறோம். காலையில் தூய்மைப் பணியாளர் வந்து கையால் பிரிக்கிறார். அவர் எந்தச் சமூகத்தவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்கிறது. கழிப்பிடம், திறந்த சாக்கடை, குழி, ரயில் பாதை என்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டயப்பருக்குள் மடித்துக் குப்பைத்தொட்டியில் கிடக்கும் மலம் அந்த வரிசையில் இல்லை. இடம் மாறியிருக்கிறது. மலமும் கையும் மாறவில்லை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொன்னன. அதற்கான உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னன. உங்கள் வீட்டு டயப்பர் பாக்கெட்டில் உறை இருந்ததா? இல்லையென்றால் கேட்டீர்களா?

இன்னொன்று. மறுபக்கம் போய் ஏழைத் தாய்க்குப் பாடம் நடத்தாதீர்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்ற வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று, அதை மாடிக்குச் சுமந்து, துணி காயப்போட இடமில்லாத ஒற்றை அறை வீட்டில் வாழ்பவரிடம் போய் "ஏன் துணி பயன்படுத்தக் கூடாது?" என்று கேட்பது சூழலியல் அல்ல, திமிர். அவருக்கு முதலில் தண்ணீர் வாங்கிக் கொடுக்கப் போராடுங்கள்.

தண்ணீரும் வெயிலும் வாஷிங் மெஷினும் இருப்பவர்கள் துணி பயன்படுத்துங்கள். ஆனால் துவைப்பது நீங்கள். குறிப்பாக, ஆண் தோழர்களே, நீங்கள். மனைவியின் தலையில் கட்டினாலும் கணக்கு நேராகாது. "எனக்குத் தெரியாதே" என்பவர்களுக்காகச் சொல்கிறேன், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மலத்தை உடனே கழிப்பறையில் தட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் வெந்நீரில் போட்டால் கறை ஊறிப் பிடித்துக்கொள்ளும். அலசியதை ஒரு வாளியில் சேர்த்து, ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளுக்குள் துவைத்துவிடுங்கள். அதன்பிறகு வெந்நீரும் சோப்புத்தூளும். தூளை அள்ளிக் கொட்டாதீர்கள். சோப்பு தங்கினால் குழந்தையின் தோல் சிவக்கும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், துணியில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். நுரை போகும்வரை அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். வெயில் கறையையும் வெளுக்கும், நாற்றத்தையும் போக்கும். மேலே நீர்புகா உறை வைத்த டயப்பராக இருந்தால் அந்த உறையைக் கொதிக்க வைக்காதீர்கள், வெடித்துப்போகும்.

பயணத்திலோ இரவிலோ கடை டயப்பர் போட்டால், அதிலிருக்கும் மலத்தையும் கழிப்பறையில் தட்டிவிட்டு, தாளில் இறுகச் சுற்றி, அடையாளம் வைத்துத் தனியாகக் கொடுங்கள். உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை தரப்பட்டிருக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஒற்றை ஆளாக அல்ல, உங்கள் படிப்பு வட்டமே சேர்ந்து போடுங்கள்.

"வேலைக்கு வருபவருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மறுக்க முடியாதவரிடம் கொடுக்கும் வேலையைச் சம்பளம் சுத்தமாக்கிவிடாது. நெல் கொடுத்தோம் என்றுதான் ஊரும் சொன்னது. நாங்களும் சொன்னோம்.

சொந்தப் பிள்ளையின் மலத்தைக் கழுவக் கூசுகிற கை, சாதி ஒழிப்பு என்று முட்டி மடக்கி உயர்வதில் பொருள் இல்லை. டீக்கடைத் தோழருக்கு இந்தப் பதிவை அனுப்புகிறேன். அவர் கோபப்படட்டும். கோபப்பட்டுக்கொண்டே வாளியை எடுக்கட்டும். அந்த அக்காவின் பெயர் என்ன என்றும் கேட்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.